கேசட்டில் அம்மாவின் குரல் ஏன் இல்லை?

பெயரும் அடையாளமும் வெளியே தெரிய வேண்டாம் என்ற குறிப்போடு வந்த கடிதம் இது. ஆறு பக்கம். சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 44. மகளுக்கு 15, மகனுக்கு 10. எட்டு மாதங்களுக்கு முன் அவருடைய அப்பா காலமானார். சிறுவயதில் டிசம்பர் 24ஆம் தேதி இரவு அப்பா வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவாராம். கிறிஸ்துமஸ் மரத்தில் சுற்றிய சின்ன விளக்குகளும் ஒரே ஒரு மெழுகுவர்த்தியும் மட்டும் எரியும். அப்பா மவுத் ஆர்கன் வாசிக்க, அம்மா, அண்ணன், இவர் மூவரும் நான்கு பாட்டுகளை ஒரே வரிசையில் பாடுவார்கள். கடைசிப் பாட்டு ‘சைலன்ட் நைட்’. 1989இல் ஒருமுறை அதைக் கேசட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். அப்பாவின் பொருள்களை எடுத்து வைக்கும்போது அந்தக் கேசட் கிடைத்தது. ஒரு பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டுவிட்டு, சந்தோஷம் தாங்காமல் தன்னைவிட ஆறு வயது மூத்த அண்ணனுக்குப் போன் செய்தார்.

அண்ணன் சொன்ன பதில்: “அந்த வருஷம் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. வீட்ல யாரும் யாரோடயும் சரியாப் பேசல. அம்மா அன்னைக்குப் பாடவே இல்ல. வேணும்னா திரும்பக் கேட்டுப் பாரு.”

திரும்பக் கேட்டார். அம்மாவின் குரல் இல்லை. “என் குழந்தைப் பருவமே பொய்யோ என்று தோன்றுகிறது” என்கிறார். கூடவே வேறு கவலைகளும் உண்டு. இந்த வருடமும் அந்த இரவை அப்படியே நடத்த ஆசைப்படுகிறார். அண்ணனோ தன்னால் முடியாது என்கிறார். மகள், “அது உங்க அப்பாவோட பாட்டும்மா, எங்களுக்கு எதுக்கு?” என்று கேட்டுவிட்டாள். அம்மாவுக்கு 73 வயது, அல்சைமர் நோயின் ஆரம்பக் கட்டம். அவரிடம் இதைக் கேட்கலாமா? போன வாரம் கடிதம் எழுதியவர் லிஃப்டில் ‘சைலன்ட் நைட்’ இசை கேட்டு நின்ற இடத்திலேயே அழுதிருக்கிறார். துக்கத்தின் முதல் கட்டத்துக்கே திரும்பிவிட்டதாகத் தோழி சொன்னாராம். இது நோயா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை ஒன்று கண்ணில் பட்டது. ‘ஒவ்வொரு வருடமும்’ என்று ஒன்பது இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஆண்டைச் சொல்லி நீங்கள் விவரித்த கிறிஸ்துமஸ் ஒன்றுதான், 1989. அப்போது உங்களுக்கு எட்டு வயது. மூன்று வயதுக்கு முந்தைய சம்பவங்கள் பெரும்பாலும் யாருக்குமே நினைவில் தங்குவதில்லை. ஆக, அந்த எட்டு வயதுச் சிறுமியிடம் மிஞ்சிப்போனால் நான்கைந்து கிறிஸ்துமஸ்கள்தான் இருந்திருக்கும். அதற்குப் பின் வந்தவையும் அவற்றோடு சேர்ந்து ஒரே இரவாகிவிட்டன.

உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை இது. திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்றை மனம் தனித்தனியாகச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு வருடத்து மெழுகுவர்த்தி, இன்னொரு வருடத்துப் பாட்டு, வேறொரு வருடம் அப்பா போட்டிருந்த சட்டை எல்லாம் கலந்து ஒரு கிறிஸ்துமஸ் உருவாகிறது. அதைத்தான் வாழ்நாள் முழுக்க ‘எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ்’ என்று சொல்கிறோம். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். பல இரவுகளின் சாறு அது. ஆனால் 1989இன் சாட்சியாக அதை நிறுத்தினால் தடுமாறத்தான் செய்யும்.

அண்ணன் நினைவும் நினைவுதான்

நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் நினைவைச் சந்தேகித்த நீங்கள், அண்ணன் நினைவை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். அவர் மூத்தவர், அப்போது 14 வயது, விவரம் தெரிந்தவர் என்பதால். ஆனால் நினைவு யாரிடமும் ஒலிநாடாவைப் போல் இருப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அதை மறுபடி கட்டுகிறோம் என்பதை பிரிட்டிஷ் உளவியலாளர் ஃப்ரெடரிக் பார்ட்லெட் 1932லேயே விளக்கிவிட்டார். 1986இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நைசர் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து அதையே மறுபடி கேட்டபோது பலருடைய பதில் முற்றிலும் மாறியிருந்தது. தங்கள் கையெழுத்தையே காட்டியும், இப்போது நினைவிருப்பதுதான் சரி என்று சிலர் சாதித்தார்கள். உறுதியாகச் சொல்வதாலேயே ஒரு நினைவு சரியாகிவிடாது. உங்களுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் இது பொருந்தும்.

கேசட் பொய் சொல்லாது அல்லவா என்று நீங்கள் கேட்கக்கூடும். அதனால்தான் பழைய ஒலிப்பதிவுகளோடு வேலை செய்யும் ஒருவரிடம் உங்கள் விவரங்களைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். அந்தக் காலத்து வீட்டு டேப் ரெக்கார்டர்களில் மைக் உள்ளேயே இருக்கும். சத்தம் கூடினால் பதிவின் அளவைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் அமைப்பும் பலவற்றில் உண்டு. மைக்குக்குப் பக்கத்தில் மவுத் ஆர்கன் ஒலித்தால், தள்ளி நின்று மெல்லிய குரலில் பாடுகிறவரின் குரல் அமுங்கிப்போகும். சரி, பொத்தானை அழுத்தியது யார்? அப்பாவின் இரண்டு கையும் மவுத் ஆர்கனில் இருந்திருக்கும். அம்மாதான் ரெக்கார்டர் பக்கத்தில், சத்தம் வராமல் நின்றிருக்கலாம். அண்ணன் சொல்வதுபோல் பாட மனமில்லாமல் இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. மூன்றில் எது என்று அந்தக் கேசட்டால் சொல்ல முடியாது.

அண்ணன் சொன்னதே முழு உண்மை என்று வைத்துக்கொள்வோம். வேலை போன மனிதர். பேச்சு நின்றுபோன வீடு. அந்த இரவிலும் அவர் எழுந்து விளக்கை அணைத்து, மவுத் ஆர்கனைக் கையில் எடுத்திருக்கிறார். எட்டு வயது மகளுக்கு அந்த வருடத்தின் பாரம் துளிகூடத் தெரியவில்லை. யாரோ அதைத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்? அதில் அந்த 14 வயதுப் பையனுக்கும் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கேசட்டில் மூன்றாவது பாட்டின் நடுவே அண்ணனின் குரல் உடைந்து நின்றுவிடுகிறது, பிறகு அவர் பாடவேயில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. குரல் உடையும் வயதுதான். ஆனால் அது மட்டும்தானா என்று இத்தனை வருடத்தில் அவரை யாராவது கேட்டிருப்பார்களா? “நீ சொல்றது நிஜமா?” என்று கேட்டால் வாக்குவாதம்தான் வரும். “அந்த வருஷம் உனக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு நடுவில் எதையும் திருத்தாதீர்கள்.

லிஃப்டில் வந்த அழுகை

‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல் 1688இல் ஒரு நோயின் பெயராகத்தான் பிறந்தது. யோகன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர், வீடு திரும்புதல், வலி என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதை உருவாக்கினார். கடந்த இருபது ஆண்டுகளில் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ், டிம் வைல்ட்ஷுட் முதலியோரின் ஆய்வுகள் அந்த எண்ணத்தைத் திருப்பிப் போட்டிருக்கின்றன. கடந்த காலத்தை ஏங்கி நினைக்கும்போது, நமக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு பெரும்பாலோரிடம் கூடுகிறது. நடுவில் கண்ணீரும் வரும். அதனால் அது நோயாகிவிடாது.

பாட்டு ஏன் இப்படித் தாக்குகிறது? பழக்கமான பாட்டைக் கேட்கும்போது அதோடு ஒட்டிய சொந்த நினைவுகள் எழுவதையும், அந்நேரம் நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுப்பகுதி இயங்குவதையும் 2009இல் பீட்டர் ஜனாட்டா என்ற ஆய்வாளர் ஸ்கேன் வழியாகக் காட்டினார். கிறிஸ்துமஸ் பாட்டில் இன்னொன்றும் சேர்கிறது. பதினோரு மாதம் அது காதில் விழுவதில்லை. மற்றப் பாட்டுகளைப் போல் தினமும் கேட்டுத் தேய்ந்து போகாமல், வருடத்துக்கு ஒருமுறை, அதே இருட்டோடும் மெழுகு வாசனையோடும் திரும்பி வருகிறது. அப்பா இல்லாத முதல் டிசம்பரில் அதை லிஃப்டில் திடீரென்று கேட்டால் அழுகை வராமல் எப்படி?

முதல் கட்டத்துக்குத் திரும்பிவிட்டதாகத் தோழி சொன்னதை விட்டுவிடுங்கள். துக்கத்தின் ஐந்து கட்டங்கள் என்பது எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதியது. அவர் முதலில் கவனித்தது சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளை. இழந்தவர்கள் ஏறி இறங்க வேண்டிய படிக்கட்டு என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. துக்கம் அலை அலையாக வரும். பண்டிகை, பிறந்தநாள், இறந்தநாள் நெருங்கும்போது அலை பெரிதாகும்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ‘நீடித்த துக்கக் கோளாறு’ இடம்பெற்றிருக்கிறது. இழப்புக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும் என்கிறது அது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. ஆனால் நாள்கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஏக்கமோ வேதனையோ ஓயாமல் ஆட்கொண்டு, வேலை, வீடு, உறவு எல்லாவற்றையும் முடக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், சமைக்கிறீர்கள், மகனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறீர்கள், பெரும்பாலான இரவுகளில் தூங்குகிறீர்கள். கடிதத்தை வைத்துப் பார்த்தால் கோளாறு எதுவும் தெரியவில்லை. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், ‘நானும் போய்விட்டால் என்ன’ என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

அதே நான்கு பாட்டு, அதே வரிசை வேண்டுமா?

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. எதையும் மாற்றாமல் அப்படியே நடத்துவது, இந்த வருடம் எதுவுமே வேண்டாம் என்று விடுவது, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவது.

முதல் வழியில் உள்ள ஆபத்து உங்களுக்கே தெரியும். எல்லாம் அப்படியே இருந்தால், இல்லாத ஒன்று மட்டும் பெரிதாகத் தெரியும். மவுத் ஆர்கனின் இடம் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தை உங்கள் மகளை வைத்து நிரப்பப் பார்ப்பீர்கள், அவள் முகம் சுளித்தால் அப்பாவையே அவமதித்ததாக உங்களுக்குப் படும். இரண்டாவது வழி சிலருக்குத் தேவைப்படும்; அண்ணனுக்கு அதுதான் தேவை போலிருக்கிறது. அவர் வரமாட்டேன் என்பதை அப்பாவின் மேல் அன்பில்லை என்று மொழிபெயர்க்காதீர்கள். வராமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அழைப்பை ஒருமுறை சொல்லுங்கள், “மனசு மாறினா கடைசி நிமிஷத்துல வந்தாலும் போதும்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

என் யோசனை மூன்றாவது வழி. விளக்கை அணைப்பதையும் கடைசிப் பாட்டையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று பாட்டுகளின் இடத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். மகள் தன் போனிலிருந்து எதைப் போட்டாலும், அது உங்களுக்கு இரைச்சலாகவே பட்டாலும், உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். 15 வயதுப் பெண் “உங்க அப்பாவோட பாட்டு” என்று சொன்னதில் நீங்கள் கேட்டது நிராகரிப்பு. எனக்கு அது, ‘இதில் எனக்கு என்ன இடம்?’ என்ற கேள்வியாகக் கேட்கிறது.

மாற்றினால் மரபு கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள். அந்த ‘சைலன்ட் நைட்’ பாட்டையே பாருங்கள். யோசப் மோர் என்ற இளம் பாதிரியார் 1816இல் எழுதிய கவிதை அது. 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரில், பள்ளி ஆசிரியர் ஃப்ரான்ஸ் க்ரூபர் அதற்கு மெட்டுப் போட, இருவரும் கிட்டார் துணையோடு தேவாலயத்தில் பாடினார்கள். க்ரூபரின் மெட்டு தாலாட்டின் அசைவோடு இன்னும் கொஞ்சம் துள்ளலாக இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாடிய நாட்டுப்புறப் பாடகர்களின் வாயில் சில சுரங்கள் மாறின, வேகம் குறைந்தது. இன்று உலகம் பாடுவது மாறிய மெட்டைத்தான். உங்கள் அப்பா மவுத் ஆர்கனில் வாசித்ததும் அதைத்தான்.

அம்மாவிடம் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் விசாரணையாக வேண்டாம். “1989ல நீங்க பாடினீங்களா, நினைவிருக்கா?” என்ற கேள்வி அல்சைமர் உள்ளவருக்குப் பரீட்சை போன்றது, பதில் வராதபோது வெட்கமும் பதற்றமும்தான் மிஞ்சும். இந்த நோயில் சமீபத்திய நினைவுகள் முதலில் போகின்றன. நெடுநாள் பழகிய பாட்டுகள் பலரிடம் வெகுகாலம் தங்கியிருக்கின்றன. பேச்சு தடுமாறுகிறவர்கள் முழுப் பாட்டையும் வரி பிசகாமல் பாடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் எடுத்த எடுப்பில் கேசட்டைப் போடாதீர்கள். அப்பா இறந்ததை அம்மா சில நேரம் மறந்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மவுத் ஆர்கனைக் கேட்டதும் “அவர் எங்கே?” என்று தேடினால், மரணச் செய்தி அவருக்குப் புதிதாக வந்து விழும். முதலில் நீங்களே மெல்லப் பாடுங்கள். காலை நேரம் நல்லது; இந்த நோய் உள்ள பலருக்குச் சாயங்காலம் குழப்பம் கூடும். டிவி வேண்டாம், கூட்டம் வேண்டாம். அவர் முகத்தையும் கையையும் பாருங்கள். விரல் தாளம் போட்டால் தொடருங்கள், நெற்றி சுருங்கினால் நிறுத்திவிடுங்கள். சில நாள் அப்படிப் போய், அவர் அமைதியாக இருந்தால் கேசட்டின் சிறு பகுதியைப் போடலாம். அப்பாவைத் தேடினால், “அப்பாவை நினைக்கிறீங்களா அம்மா? எனக்கும் அவர் ஞாபகம்தான்” என்று பக்கத்தில் உட்காருங்கள். 1989 பற்றி அவர் எதுவுமே சொல்லாமல் போகலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கேசட்டை இனி இப்படியே போட்டுக் கேட்க வேண்டாம்

இது அவசரம், உங்கள் கேள்விகளில் இல்லாவிட்டாலும் சொல்கிறேன். 35 வருடம் தாண்டிய நாடா ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் தேயும். பழைய ரெக்கார்டரின் ரப்பர் உருளை பிசுபிசுத்திருந்தால் நாடாவை இழுத்துச் சிக்கவைத்துவிடும்.

கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் மேலே பதிவாகாது. பூஞ்சைபோல் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையென்றால், நல்ல நிலையில் உள்ள கருவியில் நாடா உரசிச் செல்லும் தலைப்பகுதியைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரே ஓட்டத்தில் கணினிக்கு மாற்றச் சொல்லுங்கள். வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் எடுப்பது நல்லது. எம்பி3 பிரதியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிரதியாவது வேறொரு வீட்டில் இருக்கட்டும். அண்ணன் வீடு அதற்குச் சரியான இடம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் அண்ணனைக் கேளுங்கள். 14 வயதில் குரல் உடைந்து நின்றது அவர். அதை எல்லோரும் கேட்கலாமா என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். அவர் வேண்டாம் என்றால், கடைசிப் பாட்டை மட்டும் தனியாக வெட்டிப் பகிருங்கள்.

இன்னொன்று. பதிவு நான்கு பாட்டுகளோடு முடிவதாகச் சொல்கிறீர்கள். மேலே 60 என்று போட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடும். நான்கு பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் போதும். மீதி நேரத்தில் என்ன இருக்கிறது, மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மாற்றிக் கொடுப்பவரிடம் நாடா முடியும்வரை, இரண்டு பக்கத்தையும், அமைதியாகத் தெரியும் இடங்களையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். பாட்டு முடிந்ததும் பொத்தானை நிறுத்த எல்லோரும் உடனே எழுந்துவிடுவதில்லை.